குளிப்பாட்டாத பிள்ளைகள்

கோபன்ஹேகன்
10 நவம்பர் 1957

அன்புள்ள அக்கா ஹல்பேராவுக்கு,

நான் சுகம். ஹம்ரார் பண்ணையில் நீயும் கேத்தில் அத்தானும் ஹெய்தாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று இங்கிருந்தே வேண்டிக்கொள்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? ஆடுகளை மலையிலிருந்து இறக்கிக் கொட்டிலில் அடைத்திருப்பீர்கள். இந்த வருஷம் பனியில் எத்தனை போயிற்று?

இந்தக் கப்பலில் ஒரு பொட்டலம் வருகிறது. ஹெய்தாவுக்குக் கறுப்பு ஷூ, நானே தைத்த நீல உடை. கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி இல்லாத பிள்ளையைப் பூனை கொண்டுபோய்விடும் என்று நம் அம்மா மிரட்டுவாளே, என் பெண்ணுக்கு அந்தக் குறை வேண்டாம். ஒன்பது வயதுக் கால் எவ்வளவு இருக்கும் என்று தெரியாமல் கடைக்காரியின் மகளை நிற்கவைத்து அளவு பார்த்து வாங்கினேன்.

முன்பே எழுதியிருக்க வேண்டும், தள்ளிப்போட்டுவிட்டேன். மே மாதம் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பெயர் விகோ மாட்சன். கடிகாரம் பழுதுபார்க்கிறவர். அதிர்ந்து பேசமாட்டார். அவருடைய அம்மா எங்களோடுதான் இருக்கிறார். ஒரு ஜெபக்கூட்டம் தவறவிடாத மனுஷி. நம் ஊர்ப் பேச்சு வந்தால் விகோவுக்கு ஒரே வேடிக்கை. "உங்க ஊர்ல பாறைக்குள்ள ஆளுங்க குடியிருக்காங்களாமே, வாடகை யாருகிட்ட கொடுக்கறாங்க?" என்று கேட்கிறார். இவர்கள் மட்டும் வீட்டைக் காக்கிறான் என்று பரணில் சிவப்புத் தொப்பிக் குள்ளனுக்குக் கஞ்சி வைக்கிறார்கள். அது வேடிக்கை இல்லையாம்.

இரண்டு வருஷம் தையல் படித்துவிட்டு வருகிறேன் என்று சொன்னவள் ஆறு வருஷம் ஆக்கிவிட்டேன். ஹெய்தா என்னைப் பற்றிக் கேட்கிறாளா அக்கா?

உன் தங்கை
ஸ்டைனுன்


ஹம்ரார்
29 டிசம்பர் 1957

அன்புள்ள தங்கைக்கு,

கடவுள் கிருபையில் நாங்கள் சுகம். உன் கல்யாணச் செய்தி பார்த்துச் சந்தோஷம். அத்தானும் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். ஏழு ஆடு போயிற்று.

பொட்டலம் வந்தது. ஷூ ஒரு விரற்கடை பெரிது. நுனியில் கம்பளி திணித்துப் போட்டுக்கொள்கிறாள். உடை சரியாக இருந்தது. புகையூட்டிய ஆட்டிறைச்சி, இலைரொட்டி எல்லாம் வழக்கப்படி செய்தோம். கேத்திலுக்குப் பல் போய்விட்டதால் ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டார்.

உன் மகளைக் கூப்பிட்டால் மூன்றாம் தரம்தான் திரும்புகிறாள். பக்கத்துப் பண்ணைப் பிள்ளைகள் "குன்றுலேர்ந்து விழுந்த அல்வ்" என்று கூப்பிடுகின்றன. பாறைக்குள் குடியிருக்கும் மறைசனத்துக்குத்தானே அல்வ் என்று பேர். ஒன்றும் புரியாமல் விழிப்பவர்களை ஊரே அப்படித்தான் சொல்கிறது. இவளுக்கோ அல்வ்ஹெய்துர் என்று பேரிலேயே அது இருக்கிறது. வைத்தவள் நீ.

நாளை மறுநாள் வருஷ முடிவு. மறைசனம் குடிமாறும் நாள். வீட்டைக் கூட்டி, அறைக்கு அறை விளக்கு வைத்து, வருகிறவர் வரட்டும் போகிறவர் போகட்டும் என்று நான் வீட்டைச் சுற்றிவர வேண்டும். ஹெய்தா மூன்று நாளாகத் தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். போதும் என்றாலும் விடுவதில்லை.

அவள் கேட்கிறாளா என்று எழுதியிருந்தாய். பிள்ளைகள் எதையெல்லாமோ கேட்கத்தான் செய்கின்றன. அதிருக்கட்டும், அவளைப் பற்றி மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாயா?

குளிரில் ஜாக்கிரதை.

ஹல்பேரா


ஹம்ரார்
16 பிப்ரவரி 1958

கோபன்ஹேகனில் இருக்கும் திருமதி எஸ். மாட்சன் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் வீட்டாரும் ஆடுமாடுகளும் சுகமா?

என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் அல்வ்ஹெய்துர். வீட்டில் ஹெய்தா. வயது ஒன்பது. எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் இல்லை. வாத்தியார்தான் பண்ணை பண்ணையாக வருவார். இந்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் இருக்கிறார். தூரத்தில் இருக்கும் ஒருவருக்குக் கடிதம் எழுதுங்கள் என்றார். எனக்குத் தூரத்தில் யாரும் இல்லை. என் ஷூ சுற்றி வந்த காகிதத்தில் உங்கள் பெயரும் விலாசமும் இருந்தன. அடுப்பில் போடுமுன் கிழித்து வைத்துக்கொண்டேன்.

ஷூ கொடுத்தது என் அம்மா. அவள் மறைசனத்தோடு இருக்கிறாள். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவர்கள் வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் பார்க்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார்களாம். அப்புறம் விடவில்லை. எங்கள் கொட்டிலுக்குப் பின்னால் இருக்கும் பாறைதான் அவர்கள் வீடு. கிறிஸ்துமஸுக்கு அம்மா ஏதாவது கொடுத்து அனுப்புவாள். அவர்கள் கடையில் சாமான் வாங்க மாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். உங்கள் கடையில் வாங்குகிறார்கள் என்று இப்போது தெரிந்தது.

என் அம்மா பெயர் ஸ்டைனுன். உயரமாக இருப்பாள் என்று பெரியம்மா சொன்னார்கள். அடுத்த தடவை அவள் வந்தால், ஷூ கொஞ்சம் பெரிது, ஆனால் நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள். வருஷ முடிவில் பாறையிலிருந்து வீட்டு வாசல்வரை நான் பனியை வெட்டி வழி செய்து வைத்தேன். அன்றைக்குத்தானே அவர்கள் வெளியே வருவார்கள். அம்மா வரவில்லை. வழியில் ஏதாவது தப்பு இருந்தால் எப்படி வெட்ட வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள்.

பெரியம்மாவுக்கு எழுத வேண்டாம். அழுவார்கள்.

இப்படிக்கு
அல்வ்ஹெய்துர்


கோபன்ஹேகன்
20 மார்ச் 1958

அக்கா,

சுகம் விசாரிக்கக் கை வரவில்லை.

உன் வீட்டிலிருந்து திருமதி மாட்சனுக்கு ஒரு கடிதம் வந்தது. வாத்தியாரைக் கேள், யார் எழுதியது என்று சொல்வார். என் பெண் என்னையே கடைக்காரி என்று நினைத்து, என் அம்மாவைப் பார்த்தால் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறாள். துணி துவைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். விகோ வெளியிலிருந்து, "யாருகிட்டேர்ந்து?" என்றார். "அக்காகிட்டேர்ந்து" என்றேன்.

உயிரோடு இருப்பவளைப் பாறைக்குள் போட்டு அடைத்துவிட்டாய். ஆறு வருஷமாக நான் கண் எரியத் தைத்து அனுப்பியதெல்லாம் மறைசனம் கொடுத்ததாக ஆயிற்றா? அவளுக்கென்று நான் எழுதிய கடிதங்கள் எங்கே? உனக்குப் பிள்ளை இல்லை. அதற்காக இருக்கிறவளின் பிள்ளையை இப்படி எடுத்துக்கொள்வார்களா? ஒரே வயிற்றில் பிறந்தவள் செய்கிற காரியமா இது?

ஸ்டைனுன்


ஹம்ரார்
18 ஏப்ரல் 1958

தங்கைக்கு,

நீ விசாரிக்காவிட்டாலும் சொல்கிறேன், நாங்கள் சுகம். நீயும் சுகமாக இரு.

மறந்துபோயிருப்பாய். நீ போன பிறகு கப்பல் வரும் நாளெல்லாம் அவள் பாதை முனையில் போய் நின்றாள். "அம்மா தைக்கக் கத்துக்கப் போயிருக்கா, வந்துடுவா" என்று இரண்டு வருஷம் சொன்னேன். இரண்டு முடிந்ததும், இன்னும் ஒரு வருஷம் என்று நீ எழுதினாய். அதற்குப் பிறகு பதினான்கு மாதம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அந்தக் குளிர்காலத்தில் ஐந்து வயதுப் பிள்ளை பனியில் நின்று காது இரண்டும் விறைத்துப்போய், கேத்தில் தூக்கிக்கொண்டு வந்தார். "அம்மா செத்துட்டான்னு சொல்லிடு ஹல்பேரா. ஒரு தடவ அழுது தீர்த்துட்டுப் போகட்டும்" என்றார்.

எனக்கு வாய் வரவில்லை. செத்தவள் திரும்பி வரமுடியாது. மறைசனம் கூட்டிப்போனவர்கள் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று நாம் கேட்டதில்லையா? நீ என்றைக்காவது வந்து நின்றால் நுழைவதற்கு ஒரு வாசலாவது இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். நீ அதை அடைத்தேன் என்கிறாய்.

"அம்மா ஏன் வரல?" என்று கேட்டாள். "அவங்க விடல" என்றேன். "அம்மாவுக்கு வர ஆசையா?" என்றாள். "ரொம்ப ஆசை" என்றேன். இதில் எது பொய் என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன் கடிதங்கள் பெட்டியில் இருக்கின்றன. ஒன்றையும் கிழிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளை இங்கே பாதி வீடுகளில் இருக்கிறது, யாரும் உன்னை ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளை இல்லாதவள் என்று எழுதினாயே, அதைக் கேத்திலுக்கு வாசித்துக் காட்டவில்லை.

மாப்பிள்ளைக்குத் தெரியுமா என்று கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை.

ஹல்பேரா


கோபன்ஹேகன்
30 மே 1958

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். கோபத்தில் எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

ஜூலை நடுவில் நாங்கள் இருவரும் வருகிறோம். விகோ என் ஊரைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார். மூன்று நாள் தங்கிவிட்டு அதே கப்பலில் திரும்ப வேண்டும். ஹெய்தாவிடம் நீ எதுவும் சொல்லாதே. என் வாயால் நானே சொல்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

ஸ்டைனுன்


ஹம்ரார்
17 ஆகஸ்டு 1958

தங்கைக்கு,

நல்லபடியாகச் சேர்ந்தோம் என்று மூன்று வரி அட்டை வந்தது. இங்கே சுகம். புல் அறுத்து முடிந்தது.

நடந்ததை நான் பார்த்தபடி எழுதிவிடுகிறேன். நாள் போகப்போக நீ அதை வேறு மாதிரி நினைத்துக்கொள்வாய்.

நீ சொன்னபடி நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. கோபன்ஹேகனிலிருந்து சொந்தக்காரர்கள் வருகிறார்கள் என்றேன், அவ்வளவுதான். இதற்குள் கை நீளம் போதாமல் போன அந்த நீல உடையையே போட்டுக்கொண்டு துறைக்கு வந்தாள். மாப்பிள்ளை முதலில் இறங்கினார். நல்ல மனுஷன், எனக்கு அவர்மேல் ஒரு குறையும் இல்லை. கேத்திலுக்குக் கை கொடுத்து "மாட்சன்" என்றார். ஹெய்தாவுக்கும் குனிந்து கை கொடுத்து "மாட்சன்" என்றார். அப்புறம் உன்னைத் திரும்பிப் பார்த்து, "ஸ்டைனுன், இந்தக் குட்டி யாரு?" என்று கேட்டார்.

கேத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எல்லோரும் உனக்காகத்தான் நின்றோம்.

"அக்கா பொண்ணு" என்றாய்.

டேனிஷில் சொல்லிவிட்டால் பிள்ளைக்குப் புரியாது என்று நினைத்தாயோ என்னவோ. அந்தச் சொல் நம் பாஷையிலும் கிட்டத்தட்ட அதேதான். அவள் உன்னை நிமிர்ந்து பார்த்தாள். நான்தான் "சித்திக்கு வணக்கம் சொல்லு" என்றேன். வேறு என்ன சொல்வேன்?

இன்று வேண்டாம், களைப்பாக இருப்பாள், நாளை சொல்வாள் என்று இருந்தேன். மறுநாள் மாப்பிள்ளை நம் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பூட்டினார். ஹெய்தா ஒவ்வொரு திருகாக எடுத்துக் கொடுத்தாள், ஆனால் கண் உன்மேல்தான். கொட்டில் பக்கம் போனபோது, "இதுதான் அந்த வீடா, கதவு எங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார். "உள்ள இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்" என்றார் கேத்தில். நீ சிரித்தாய்.

மூன்றாம் நாள் காலை. ஆண்கள் வெளியே குதிரையோடு இருந்தார்கள். சமையலறையில் நாம் மூன்று பேர்தான். நீ தட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

"சித்தி, எங்கம்மாவ உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். பாத்து ரொம்ப நாளாச்சு."

"எப்படி இருப்பாங்க?"

"அழகா இருப்பாங்க."

"அவங்க வருவாங்களா?"

"அங்கேர்ந்து வர முடியாதுடா கண்ணு."

நான் சொன்ன பொய்க்காக என்னைப் பிள்ளை திருடி என்று எழுதியவள் நீ. நான்கு மாதத்தில் அதே பொய்யை எடுத்து நீயே போர்த்திக்கொண்டாய். தட்டை வைத்துவிட்டு உடம்பு சரியில்லை என்று போய்ப் படுத்தாய். கப்பல் நகரும்வரை அவள் துறையில் நின்றாள். கையை ஆட்டியது மாப்பிள்ளை மட்டும்தான்.

இனி நான் அவளிடம் என்ன சொல்வது என்று எழுது.

ஹல்பேரா


கோபன்ஹேகன்
12 அக்டோபர் 1958

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுத முடியவில்லை.

எனக்கு ஜனவரியில் குழந்தை பிறக்கும். உங்கள் வீட்டுக்கு வந்தபோதே மூன்று மாதம். கப்பல் ஏறும் அன்று காலைகூட விகோவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, பையனாக இருந்தால் இந்தப் பெயர், பெண்ணாக இருந்தால் அந்தப் பெயர் என்று பேசிக்கொண்டிருந்தார். மாமியார் தொட்டில் எடுத்து வர்ணம் பூசிவிட்டார். மருத்துவச்சி "மொதப் பிரசவமா?" என்று கேட்டபோது மாமியாரும் கூட இருந்தார். ஆமாம் என்றேன். இனி எப்படி மாற்றிச் சொல்வது?

இந்த ஊரில் அல்வ் பெண்களுக்கு முதுகு கிடையாதாம். முன்னாலிருந்து பார்த்தால் குறையில்லாத அழகு, திரும்பினால் உளுத்த மரம்போல வெறும் பொந்து. அதனால் யாருக்கும் முதுகு காட்ட மாட்டார்களாம். மாமியார் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

குழந்தை பிறந்து எல்லாம் ஒரு நிலைக்கு வரட்டும். அதுவரை நான் சித்தியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நீ அவளைப் பார்த்துக்கொள்வாய் என்று தெரியும்.

ஸ்டைனுன்


ஹம்ரார்
8 ஜனவரி 1959

அன்புள்ள சித்திக்கு,

நான் சுகம். பெரியம்மாவும் பெரியப்பாவும் சுகம். சித்தப்பா சரிசெய்த கடிகாரம் நன்றாக ஓடுகிறது. உங்களுக்குக் குழந்தை இந்நேரம் பிறந்திருக்கும் என்று பெரியம்மா சொன்னார்கள்.

வாத்தியார் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்திருந்தார். ஒரு கதை சொன்னார். ஒரு நாள் கடவுள் ஏவாள் வீட்டுக்கு வந்தாராம். அவள் பாதிப் பிள்ளைகளைத்தான் குளிப்பாட்டி முடித்திருந்தாள். மீதிப் பிள்ளைகள் அழுக்காக இருந்ததால் வெட்கப்பட்டு ஒளித்துவிட்டாள். உனக்குப் பிள்ளைகள் இவ்வளவுதானா என்று கடவுள் கேட்டார். இவ்வளவுதான் என்றாள். எனக்குக் காட்டாமல் ஒளித்ததை மனிதர் கண்ணுக்கும் தெரியாமல் செய்கிறேன் என்று கடவுள் சொல்லிவிட்டார். அந்தக் குளிப்பாட்டாத பிள்ளைகள்தான் மறைசனமாம்.

"ஏவாள் அப்புறம் போய் அவங்கள பாத்தாளா?" என்று கேட்டேன். "கதையில அது இல்ல" என்றார் வாத்தியார்.

இத்தனை நாள் அம்மாதான் மறைசனத்தோடு இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

சித்தப்பா மாட்சன் என்று கை கொடுத்தபோதே எனக்குத் தெரியும். உங்களை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது நன்றாகத் தெரிந்துவிட்டது. நீங்களே சொல்வீர்கள் என்று மூன்று நாளும் பக்கத்திலேயே இருந்தேன். கடைசி நாள் நானே கேட்டும் பார்த்தேன். எனக்குத் தெரியும் என்று பெரியம்மாவுக்குத் தெரியாது. சித்தப்பாவிடமும் சொல்ல மாட்டேன்.

இந்த வருஷ முடிவில் நான் பனியை வெட்டவில்லை. ஏன் என்று பெரியம்மா கேட்டார்கள். கை வலிக்கிறது என்றேன்.

புதுக் குழந்தையை நன்றாகக் குளிப்பாட்டி எல்லோருக்கும் காட்டுங்கள்.

இப்படிக்கு
அல்வ்ஹெய்துர்


கோபன்ஹேகன்
2 மார்ச் 1959

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் குழந்தையும் சுகம். ஜனவரி பத்தொன்பதில் பையன் பிறந்தான். விகோவின் ஜாடை. அங்கே எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஹெய்தாவின் கடிதம் வந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறாள் என்று அவளையே கேட்டுக்கொள். நான் கட்டிலில் கிடந்ததால் தபாலை விகோதான் வாங்கி, பிரித்து, கொண்டுவந்து கொடுத்தார். குழந்தை அவர் மடியில் இருந்தது. "நம்ம கடிகார உதவியாள் என்ன எழுதியிருக்கா? படிச்சுச் சொல்லு" என்றார். கடிகாரம் ஓடுகிறது என்பதைச் சொன்னேன். பிறகு கடைசி வரியைச் சொன்னேன், குழந்தையை நன்றாகக் குளிப்பாட்டி எல்லோருக்கும் காட்டச் சொல்கிறாள் என்று. "பெரிய மனுஷி மாதிரி பேசறாளே" என்று சிரித்தார். "இவ்வளவு நீளமா எழுதியிருக்கு, இவ்வளவுதானா?" என்றார்.

இவ்வளவுதான் என்றேன்.

அவருக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. நம் பாஷைக்கு ஒரு அகராதி வாங்கிவந்து, சாப்பிட்டதும் மேஜையில் விரித்து வைத்துக்கொள்கிறார். அவளுக்குத் தன் கையால் பதில் எழுத வேண்டுமாம், அடுத்த கடிதத்தைத் தானே படிக்க வேண்டுமாம். சுலபமான சொற்கள் வந்துவிட்டன. ஆடு, வீடு, அம்மா, மகள்.

அதனால், அக்கா, ஹெய்தாவை இனி எனக்கு எழுத வேண்டாம் என்று சொல்லிவிடு.

ஸ்டைனுன் மாட்சன்